ஐந்து மணி நேரத்துக்கு ஒரு புத்தகம்

"பிளேன்ல போறப்ப வாசிக்க ஒரு புஸ்தகம் வாங்கிக் குடுங்க தம்பி" என்று மதினி கேட்டபோது, எங்கள் லயத்து வரிசை வீட்டின் வாசலில் உட்கார்ந்து புதுச் செருப்பைப் போட்டுக் கழற்றிப் பழகிக்கொண்டிருந்தார். எண்பதுகளின் தொடக்கம். லுணுகலைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து விமானம் ஏறப்போகும் முதல் ஆள் அவர்தான். அண்ணனுக்கு நெஞ்சு நோய் வந்து வேலைக்குப் போக முடியாமல் ஆகிவிட்டது. தோட்டத்தில் பலருக்கு இல்லாத பிரஜாவுரிமை மதினிக்கு இருந்ததால் பாஸ்போர்ட் கிடைத்தது. குவைத்தில் வீட்டு வேலை, இரண்டு வருடம். மூன்று வயது மகனை என் மனைவியிடம் விட்டுப் போகிறவர் புத்தகம் கேட்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம். அது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். "சும்மா உக்காந்திருந்தா புள்ள நெனப்பு வந்து அழுதுருவேன். அழுதா எறக்கி விட்டுருவாங்களோ என்னமோ" என்றார்.

நான் அப்போது தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். எதையும் தெரிந்துகொள்ளாவிட்டால் தூக்கம் வராத ஆள். விமானத்தில் வாசிக்க முடியுமா, எழுத்து ஆடுமா, வெளிச்சம் போதுமா? அப்புத்தளையைத் தாண்டும்போது எங்கள் ரயிலான கோச்சியின் ஜன்னல் வழியே மூடுபனி புகுந்து பத்திரிகைத் தாளை நமுத்துப்போகச் செய்யும்; மேகத்துக்குள்ளேயே போகிற விமானத்தில் புத்தகம் என்ன கதியாகும்? இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி, போய்ச் சேர்ந்ததும் பதில் போட வேண்டும் என்று மதினியிடம் கொடுத்தேன். ஊரை விட்டுப் போகிறவரிடம் கேள்வித்தாள் கொடுத்த ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

பதுளையில் புத்தகக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா கோச்சிக் கணக்கில்தான் புத்தகம் கொடுப்பார். பண்டாரவளைக்கு ஒரு வாரப் பத்திரிகை, நானுஓயாவுக்கு ஒரு சிறுகதைத் தொகுதி, கொழும்புக்கு முந்நூறு பக்க நாவல். குவைத் என்றதும் மனிதர் திகைத்துப்போனார். "கோச்சியெண்டா எனக்குத் தெரியும் மாஸ்டர். நடுவுல ஸ்டேஷனே இல்லாத பயணத்த எப்படி அளக்கிற?" இருவரும் கூடிக் கணக்குப் போட்டோம். விமானம் ஐந்து மணி நேரம் என்று ஏஜென்சிக்காரன் சொல்லியிருந்தான். கொழும்புக் கோச்சி பத்து மணி நேரம். பாதி நேரத்துக்குப் பாதிப் புத்தகம், நூற்றைம்பது பக்கம். கோச்சி மாதிரி வழியில் நிறுத்திப்போட்டால் என்ன செய்வது என்று நானா இன்னும் இருபது பக்கம் கூட்டச் சொன்னார். அப்படித்தான் நூற்றெழுபது பக்கத்தில் ஒரு குடும்ப நாவலை எடுத்தேன். அட்டையில் ஒரு பெண் பெட்டியோடு நின்றாள். பயணத்துக்குப் பொருத்தம் என்று நினைத்தேனே தவிர, உள்ளே ஒரு வரிகூடப் படித்துப் பார்க்கவில்லை. அந்த மடத்தனத்தை இன்று நினைத்தாலும் கூசுகிறது.

ஒன்றரை மாதம் கழித்துக் கடிதம் வந்தது. கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் எழுதியிருந்தார். எழுத்து ஆடவில்லை. தலைக்கு மேலே பொத்தானை அமுக்கினால் வெளிச்சம் விழுகிறது. ஜன்னலைத் திறக்கவே முடியாது, அதனால் பனிப் பயமில்லை. இதையெல்லாம் விடப் பெரிய பதில் நான் கேட்காத கேள்விக்கு இருந்தது. எங்கள் லயத்தில் வாசிப்பது என்றால் சத்தமாக வாசிப்பது. எழுத்துத் தெரிந்த ஒருவர் வாசிக்க, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். மதினிதான் எங்கள் வரிசைக்கு வாசிப்பவர். விமானத்தில் பக்கத்து இருக்கையில் அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாளாம். இரண்டு வயது மகளைத் தங்கச்சியிடம் விட்டு வந்தவள். மதினி புத்தகத்தைத் திறந்து சத்தமாக வாசிக்கத் தொடங்கியதும் அழுகை நின்றுவிட்டது. கதையில் ஒரு தாய் கைக்குழந்தையை ஊரில் விட்டுவிட்டுப் பட்டணத்து வேலைக்குப் போகிறாள்.

நான் கண்ணால் வாசிக்கிற வேகத்தில் கணக்குப் போட்டிருந்தேன். வாயால் வாசித்தால் எத்தனை நேரம் பிடிக்கும் என்று யோசிக்கவில்லை. தாய் ஊர் திரும்பி வாசலில் வந்து நிற்கிற இடத்தில் விமானம் இறங்கத் தொடங்கியது. இருவருக்கும் காது அடைத்துவிட்டது. மதினி கத்தி வாசித்தும் அவளுக்குக் கேட்கவில்லை. இன்னும் நாற்பது பக்கம் இருந்தது. கீழே வேலைக்கு எடுத்த வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சத்தை மதினி தனியாக ஒரு குசினியில், அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்திருக்கிறார். முடிவு என்ன என்று கடிதத்தில் எழுதவில்லை. நானாவிடம் இன்னொரு பிரதி வாங்கி அன்றே வாசித்தேன். அந்தப் பிள்ளை தாயை அடையாளம் கண்டுகொள்வதில்லை. வளர்த்தவளின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. அத்தோடு கதை முடிந்துவிடுகிறது. புத்தகத்தை மூடிவிட்டு, என் மனைவியின் மடியில் உறங்கிக்கொண்டிருந்த மதினியின் மகனைப் பார்த்தேன்.

மதினி திரும்பி வந்த நாளில் அவனும் என் மனைவிக்குப் பின்னால்தான் ஒளிந்தான். அடுத்த தீபாவளி வரைக்கும் தாயை "அவங்க" என்றே சொன்னான். பிறகு ஒருநாள் காய்ச்சலில் படுத்தவன், தண்ணீர் கேட்டு மதினியைத்தான் "அம்மா" என்று கூப்பிட்டான். மதினி செம்போடு அடுப்படியில் நின்று அழுததை நான் பார்த்தும் பாராதது போல் இருந்துவிட்டேன்.

அது நடந்து ஒரு வருடம் இருக்கும். ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது பெரகல சந்தியில் நானும் மதினியும் பஸ்ஸுக்கு நின்றோம். ஒரு பெண் ஓடிவந்து மதினியின் கையைப் பிடித்தாள். விமானத்தில் பக்கத்தில் இருந்தவள். நான்கு வருடம் இருந்துவிட்டுப் போன வாரம்தான் வந்தாளாம். சற்றுத் தள்ளி ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, சித்தியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எங்களை முறைத்துப் பார்த்தாள். ஓடிவந்தவள் மதினியின் நலம்கூட விசாரிக்கவில்லை.

"அக்கா, கதைய முடிக்காமலே போயிட்டீங்களே. அந்தப் புள்ள அம்மாவ அடையாளம் கண்டுச்சா?"

மதினி அந்தச் சிறுமியை ஒருமுறை பார்த்தார். "மொதல்ல கிட்டவே வரல. ஒளிஞ்சிக்கிச்சு. வருசம் போகப் போக தானா வந்து ஒட்டிக்கிச்சு" என்றார்.

அந்தப் பெண் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு சிரித்தாள். அவளுடைய பஸ் வந்ததும் மூவரும் ஏறிப் போனார்கள்.

"புஸ்தகத்துல அப்புடி இல்லையே மதினி" என்றேன்.

"அந்தாளு அவசரப்பட்டு முடிச்சிட்டாரு தம்பி. இன்னும் ஒரு வருசம் எழுதியிருக்கணும்."