என் பெயரில் ஒன்பது பாட்டு

பதினொரு வருடங்கள் நான் மற்றவர்களின் பாட்டுக்குத்தான் கீபோர்ட் வாசித்தேன். புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், பென்டில் ஹில் பகுதியில் ஒத்திகை, சனிக்கிழமைகளில் ஏதாவதொரு மண்டபத்தில் கலியாண வரவேற்பு. படத்தில் வந்ததை இம்மியும் பிசகாமல் வாசிப்பதுதான் எங்கள் இசைக்குழுவின் பெருமை. அதனாலேயே, நான் சொந்தமாகப் பாட்டு எழுதுவதை ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை.

ஒன்பது பாட்டுச் சேர்ந்ததும் குழுத் தலைவரிடம் சொன்னேன். அவர்தான் எங்கள் முதற் பாடகர், எல்லோருக்கும் அண்ணா. தமிழில் ஒரு இண்டி பொப் அல்பம், சினிமா சாராத சொந்தப் பாட்டுகள், நானே தனியாகப் பாடப்போகிறேன் என்றேன். காரில் இருந்தபடியே இரண்டு பாட்டைக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்கட சனம் தெரியாத பாட்டுக் கேக்காது, பிள்ளை. பிறகு நீதான் மனம் நொந்து போவாய்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அக்கறையில் சொன்னார் என்பதுதான் இன்னும் எரித்தது. நார்த்மீட் வீட்டில், எதிரொலி வராமல் உடுப்பு அலுமாரிக்குள் போர்வைகளைத் தொங்கவிட்டு, வேலையால் வந்த பின்னேரங்களில் பாடிப் பதிந்தேன். நான் வெளியே வரும்வரை அம்மா குசினியில் கிரைண்டரைப் போடமாட்டார். சனம் கேட்காவிட்டால் அண்ணா சொன்னதே சரி, அதோடு பாடுவதை விட்டுவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டேன்.

வெளியீடு லிட்கமில், ஞாயிறு பின்னேரம், ஒரு சின்ன மண்டபத்தில். கதிரைகளை வரிசையாகப் போடச் சொல்லியிருந்தேன். அம்மாவோ தன் கூட்டாளிகளோடு முந்திப் போய், வட்ட மேசை, மேசைவிரிப்பு, நடுவில் றோல்ஸ், கட்லட் என்று கலியாண வீடாகவே ஆக்கிவிட்டார். பிறகென்ன? நான் முதற் பாட்டைத் தொடங்க, சனம் கட்லட்டைத் தொடங்கியது. வீட்டு விலையும் பிள்ளைகளின் செலக்டிவ் ஸ்கூல் நுழைவுப் பரீட்சையும் என் குரலுக்கு மேலே கேட்டன. எல்லோரையும் எழுப்பி வீட்டுக்கு அனுப்பவேண்டும் போல இருந்தது. ஐந்தாம் பாட்டில் மேசைகள் அடங்கின. கேட்கிறார்களா, களைத்துவிட்டார்களா என்று எனக்கு விளங்கவில்லை.

அப்போதுதான் ஒரு துண்டுச் சீட்டு வந்தது. எங்கள் கலியாணங்களில் விருப்பப் பாட்டைப் பேப்பர் நாப்கினில் எழுதி மேடைக்குக் கொடுத்தனுப்புவார்கள். கை மாறி மாறி வந்த அதைக் கண்டதும் பற்றிக்கொண்டு வந்தது. என்னுடைய வெளியீட்டிலும் சினிமாப் பாட்டா? விரித்தும் பார்க்காமல் மிச்சப் பாட்டுகளைப் பாடி முடித்தேன். கைதட்டினார்கள். மரியாதைக்குத்தான் என்று நினைத்தேன்.

கீபோர்டை மூடப் போகையில் துண்டை விரித்தேன். "மூண்டாவது பாட்டு. திரும்ப ஒருக்கா." குழுவின் பாட்டுப் பட்டியலை எழுதுகிற அதே கையெழுத்து. நிமிர்ந்தேன். கடைசி மேசையில் அண்ணா, வைத்த றோல்ஸைத் தொடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெருமையோடு கீபோர்டின் முன்னால் திரும்ப அமர்ந்தேன். விருப்பப் பாட்டு ஒன்று வந்திருக்கிறது என்று மைக்கில் சொன்னேன். சபை நிமிர்ந்தது. அடுத்ததாகப் படத்தின் பெயரையும் இசையமைத்தவர் பெயரையும் சொல்வதுதான் முறை.

"படம் ஒண்டும் இல்லை," என்றேன். "இசை, நான்."