தொங்கும் நூல்

நூலைப் பல்லில் வைத்து 'டிக்'கென்று கடித்துத் துப்பிவிட்டுத்தான் தையல்கார அக்கா நிமிர்ந்து பார்ப்பார். கழுத்தில் எப்போதும் கத்தரிக்கோல் தொங்கும். அது துணிக்கு; நூலுக்குப் பல். "கத்தரிய எடுத்து வைக்கிற நேரத்துல இன்னொரு பட்டனே தைச்சிருவேன் தம்பி."

தெருமுனையில் அவர் கடை. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியேதான். அக்கா இயந்திரத்தில், கணவர் இஸ்திரி மேசையில். பேச்சு முழுக்க அக்காவுடையது. உதட்டில் நான்கு குண்டூசி இருந்தாலும் நிற்காது.

போன வருடம், நூல் கடிக்கும் அந்தக் கீழ்ப்பல் ஆட ஆரம்பித்தது. ஈறு நோய் பல்லைத் தாங்கும் எலும்பை அரித்துவிட்டிருந்தது. ஈறைத் திறந்து சுத்தம் செய்து, பள்ளத்தில் எலும்புத்தூள் நிரப்பித் தைக்க வேண்டும், இல்லையென்றால் பல் போய்விடும் என்றார் பல் டாக்டர்.

"மாட்டெலும்புல இருந்து சுத்தம் பண்ணி எடுத்தது இருக்கு, செயற்கையா செஞ்சதும் இருக்கு. எது போடட்டும்மா?"

"எது சுருங்காதோ அதப் போடுங்க டாக்டர்."

வாடிக்கையாளர்களுக்கு அக்காவே விளக்கம் சொன்னார்: "காலருக்குள்ள விறைப்பா நிக்க கேன்வாஸ் வைக்கிறோம்ல, அது மாதிரி. அதப் பிடிச்சுக்கிட்டு நம்ம எலும்பே வளந்துருமாம்."

தையல் போட்ட இரண்டாம் நாள் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். முடிச்சுக்கு மேல் நூல் நீட்டிக்கொண்டிருந்தது. "பிசிறு தொங்குது. பாத்துட்டு எப்படிங்க சும்மா இருக்கிறது?" ஒட்ட நறுக்கிவிட்டார். முடிச்சு அவிழ்ந்தது. எலும்புத்தூள் நாக்கில் மணல் போல நெருடியது. கழுத்தில் அளவு நாடாவோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

"நான் உங்க கடைக்கு வந்து தையலப் பிரிச்சேனா?" என்றார் டாக்டர். சிந்தியதை நிரப்பி மறுபடி தைத்தார். இந்தத் தடவை ஒட்டாவிட்டால் பிடுங்குவதுதான் வழி என்றார்.

வழக்கமாக வாய் திறக்காத கணவரும் அன்று பேசினார்: "என் சட்டையில ஒரு வருஷமா பட்டன் இல்ல. அது கண்ணுல படல. வாய்க்குள்ள இருக்கிற நூலு மட்டும் பட்டுச்சா உனக்கு?"

அக்கா குழைந்த சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்த மாதங்களில்தான் காலமான அப்பாவின் சட்டைகளைக் கொண்டுபோனேன், என் அளவுக்குப் பிடித்துத் தர. அக்கா என் தோளை அளந்தார். பிறகு, "பாக்கெட்ல மசிக்கறை இருக்கே, அப்படியே இருக்கட்டுமா?" என்றார்.

"இருக்கட்டும்க்கா."

இன்று மாலை சட்டைகளை வாங்கப் போனபோது, எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். "பாருங்க தம்பி, கறுப்பா இருந்த இடமெல்லாம் வெள்ளையா நிரம்பியிருக்கு! டாக்டர் இடுக்கி வச்சு ஆட்டிப் பாத்தாரு. ம்ஹூம், அசையல. இனிமே நூல் கடிக்கலாமான்னு கேட்டேன். முறைக்கிறாரு!"

கடைசிச் சட்டைக்குப் பட்டன் தைத்து முடித்ததும் நூல் பழக்கத்தில் வாய்வரை போயிற்று. உதடுகள் மூடிக்கொண்டன. கத்தரிக்கோல் கழுத்தில் சும்மா தொங்கியது. அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் சட்டையை இஸ்திரி மேசைப் பக்கம் நீட்டினார். கணவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, குனிந்து, நூலை 'டிக்'கென்று கடித்தார்.