பூக்கொண்டை வெட்டிய சலூன்காரர்

எங்கள் சலூன்காரருக்கு வாயும் கத்தரியும் சேர்ந்துதான் ஓடும். "கொஞ்சம் பேசாம வெட்டுங்க" என்று சொல்லிப் பார்த்தவர்கள் கூடுதலாக அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். ஆனால் எடுத்த தலையை முடிக்காமல் அவர் கத்தரியைக் கீழே வைத்ததே இல்லை. கடைக்குள் மின்சாரம் போனாலும் சரி, மேலே கூரை ஒழுகினாலும் சரி, தலை முடிந்தால்தான் மற்றதெல்லாம்.

கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம். அதில் வருடாவருடம் வெள்ளை மக்காச்சோளம் போடுவார். இவருக்கும் விவசாயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் சிரிப்பார். யாரோ ஒருவர் முடிவெட்டிக்கொண்டு, கொண்டுவந்த பையை நாற்காலியடியில் மறந்துவிட்டுப் போய்விட்டார். பைக்குள் விதை. பத்து வருடமாக ஆள் வரவில்லை. "வந்து கேட்டா கொடுக்கணுமில்ல சார்?" என்று சொல்லிச் சொல்லியே இவர் விதைத்து, எடுத்து, மறுபடி விதைத்துக்கொண்டிருந்தார்.

நான் விதைக் காப்பகத்தில் வேலை பார்க்கிறவன். அதே ரகம் எங்கள் குளிர் அறையிலும் இருந்தது. முளைக்கப் போட்டுப் பார்த்தோம், ஒன்றுகூடக் கண் திறக்கவில்லை. விசாரித்த இடத்திலெல்லாம் கையை விரித்தார்கள். சலூன்காரர் வீட்டில் வண்டு தின்றது போக மிஞ்சிய விதையும் அந்த வருடம் மண்ணுக்குள் போய்விட்டது. எனக்குத் தெரிந்து அந்த வெள்ளை மக்காச்சோளம் பூமியில் மிச்சமிருந்தது அந்தத் துண்டு நிலத்தில் மட்டும்தான். அது கலந்து போனால் கதை முடிந்தது.

பக்கத்து நிலம் அவருடைய மச்சானுடையது, அதாவது மனைவியின் அண்ணனுடையது. அவர் போட்டிருந்தது மரபணு மாற்றிய மஞ்சள் மக்காச்சோளம். மூன்று வருடம் தொடர்ந்து புழுவிடம் பறிகொடுத்த மனிதர், இந்த விதை வந்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்குகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தொல்லை கொடுப்பது காற்றுதான். செடியின் உச்சியில் கொண்டை மாதிரி நிற்கும் ஆண்பூவிலிருந்து தூள் பறந்து, இடுப்பிலுள்ள கதிரின் பட்டில் விழுந்தால்தான் மணி பிடிக்கும். யார் வீட்டுத் தூள் என்று பட்டு விசாரிக்காது. மச்சான் பக்கத்துத் தூள் விழுந்தால் வெள்ளைக் கதிரிலேயே மஞ்சள் மணி வந்து உட்கார்ந்துவிடும்.

வழக்கமாக இருபது நாள் முன்பின்னாக விதைத்துச் சமாளிப்பார்கள். அந்த வருடம் மழை இழுத்தடித்து, இருவரும் ஒரே வாரத்தில் விதைக்க வேண்டியதாகிவிட்டது. மச்சான் பெருந்தன்மையாகச் சொன்னார். "உன் பக்கமா இருக்கிற இருபது வரிசைக்கும் கொண்டைய வெட்டிக்கோ மாப்ள. எனக்கு மிச்சத் தூளே போதும்."

மறுநாள் சலூன்காரர் கடைக் கதவில் 'இன்று வெளியில் வேலை' என்று எழுதி ஒட்டிவிட்டு, கத்தரியோடு நிலத்தில் இறங்கினார். பழக்க தோஷத்தில் சட்டைப் பையில் சீப்பு வேறு. பேச ஆள் இல்லாததால் செடிகளிடமே பேசிக்கொண்டு, அண்ணாந்தபடி ஒவ்வொரு கொண்டையாக வெட்டினார். இரண்டு நிலத்துக்கும் நடுவே எல்லையாக ஒரு கயிறு கட்டியிருக்கும். அதைத்தான் அன்று காலை அவர் மனைவி, துணி காயப்போட வேண்டும் என்று அவிழ்த்துக்கொண்டு போயிருந்தார்.

சாயங்காலம் முடிவெட்ட வந்த நான், கடை பூட்டியிருந்ததால் எரிச்சலோடு பின்பக்கம் போனேன். சலூன்காரர் வியர்வையைத் துடைத்தபடி நின்றிருந்தார்.

"எல்லாம் முடிஞ்சது சார். ஒண்ணு விடல."

நான் பார்த்தேன். உண்மையாகவே ஒன்று விடவில்லை. இருபது வரிசையும் முடிந்து, எல்லையும் தாண்டி, அவருடைய சொந்த நிலமும் மொட்டையாக நின்றது. கை ஓட ஆரம்பித்தால் நிற்காத மனிதர். பின்னாலேயே வந்த மச்சான் சிரிப்புத் தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என் தலையையும் சிரைச்சு, உன் தலையையும் சிரைச்சிட்டியே மாப்ள!"

சலூன்காரர் அப்போதுதான் அண்ணாந்து தன் செடிகளைப் பார்த்தார். கத்தரி கீழே கிடந்தது. அந்த வாய் மூடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மச்சானும் சிரிப்பை நிறுத்திவிட்டார். பட்டெல்லாம் அன்றுதான் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. மச்சான் நிலத்தின் தூரத்து வரிசைகள் மறுநாள் பூத்துவிடும். இனி இந்தப் பட்டுக்குக் கிடைக்கப் போவது அந்தத் தூள் ஒன்றுதான்.

"வெட்டினதை எங்க போட்டீங்க?" என்று கேட்டேன்.

"வெட்டின இடத்துலயே."

"அப்போ உங்களுது தனியா கிடக்கு. பொறுக்குங்க. தண்ணில நிறுத்தினா நாளைக்குக் காலைல தூள் கொட்டும்."

அதன்பிறகு நடந்ததைப் பார்த்திருந்தால் எங்கள் நான்கு பேருக்கும் மறை கழன்றுவிட்டது என்றே நினைத்திருப்பீர்கள். வெளித் தூள் படாமல் இருக்க, பூக்கொண்டைகளைக் கட்டுக்கட்டாகச் சலூனுக்குள் கொண்டுபோனோம். ஷேவிங் கிண்ணம், வாளி, ஷாம்பு பாட்டில், எங்கு பார்த்தாலும் கொண்டை. சலூன்காரரின் மனைவி மருந்துக் கடையில் வேலை செய்பவர். அங்கே ஓடிப்போய் மாத்திரை போட்டுத் தரும் காகித உறைகளை ஒரு கட்டு வாங்கி வந்தார். இருட்டுவதற்குள் ஒவ்வொரு பிஞ்சுக் கதிருக்கும் ஓர் உறை மாட்டினோம். நிலம் முழுக்க 'காலை, மதியம், இரவு, சாப்பிட்ட பின்' என்று எழுதிக்கொண்டு சோளம் நின்றது.

மறுநாள் காலை கடையில் மின்விசிறி போடத் தடை. பேசத் தடை, அதுவும் அந்தக் கடையில். விஷயம் தெரியாமல் ஷேவிங்குக்கு வந்த தபால்காரர் மூக்கைச் சுளித்ததுமே, சலூன்காரர் அவர் மூக்கைப் பிடித்தபடி வாசலுக்குக் கூட்டிப்போய் அங்கே தும்ம வைத்தார். முடிவெட்டும்போது போர்த்துகிற துணியை விரித்து, அதன்மேல் கொண்டைகளைத் தட்டினோம். மாவு மாதிரி தூள் கொட்டியது.

தூளைப் பட்டில் தடவ ஷேவிங் பிரஷ்ஷைவிடத் தோதான பொருள் ஏது? ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டோம். மச்சானும் கை நீட்டினார். அவர் தங்கை இடுப்பில் கைவைத்துக் குறுக்கே நின்றார்.

"உங்க சட்டை முழுக்க உங்க சோளத் தூள் இருக்கும். முதல்ல போய்க் குளிங்கண்ணா."

குளித்து, மாப்பிள்ளையின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு பொத்தான்கூடப் போட முடியவில்லை. அந்தக் கோலத்தில், ஆறடி மனிதர், குழந்தைக்குப் பவுடர் போடுகிற பதமாக ஒவ்வொரு பட்டையும் தடவி, திரும்ப உறை மாட்டிக்கொண்டே போனார். எனக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்தது. ஆனால் நான்கு பேருக்குமே உள்ளுக்குள் பயம்தான். காற்று எங்களுக்கு முன்னால் வேலையை முடித்திருந்தால், உரித்துப் பார்க்கும் நாள் வரை தெரியப் போவதில்லை.

அந்த நாள் வந்தபோது சலூன்காரர் கதிரைத் தொடவே மறுத்துவிட்டார். "நீங்களே உரிங்க மச்சான்" என்று சொல்லிவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் கடை நாற்காலியில் தானே உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டார். மச்சான் பின்னால் நின்று முதல் கதிரை உரித்தார். நான் எட்டிப் பார்த்துவிட்டு மூச்சை விட்டேன். மச்சான் கதிரை மாப்பிள்ளையின் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

"கண்ணாடியப் பாரு மாப்ள."

கண்ணாடிக்குள் கதிர் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. அங்கங்கே மணி பிடிக்காமல் ஓட்டைப் பல். மஞ்சள் என்று ஒரு புள்ளி இல்லை. சலூன்காரர் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். சந்தோஷத்தில் எனக்கும் கண் கலங்கியது, மறைக்க என்னிடம் துண்டுகூட இல்லை. ஓரத்துச் செடிகளில் ஏழெட்டுக் கதிர் மஞ்சள் புள்ளியோடு வந்தது, அவற்றைத் தனியே போட்டோம். மற்றதெல்லாம் வெள்ளை, கூடை நிறைய.

காயவைத்து உதிர்த்த அன்று எங்கள் காப்பகத்துக்கு ஒரு டப்பா, அவருக்கு ஒரு டப்பா என்று நிரப்பிக்கொண்டிருந்தோம். மச்சான் தொண்டையைக் கனைத்தார்.

"எல்லாத்தையும் ரெண்டே இடத்துல வைக்காதீங்க. வண்டுக்கு உங்க வீட்டு வழி நல்லாத் தெரியும். ஒரு டப்பா என் வீட்ல இருக்கட்டும்."

"உங்களுக்கு எதுக்கு மச்சான் இது? நீங்கதான் விதைக்கப் போறதில்லையே."

"விதைக்க மாட்டேன். ஆனா உன்னுது போச்சுன்னா, எங்கிட்ட இருக்கும்ல."

சலூன்காரர் மூன்றாவது டப்பாவை விளிம்பு வரை நிரப்பிக் கொடுத்தார். மச்சான் அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நடுரோட்டில் அடிமேல் அடி வைத்து நடந்தார். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. அவர் வீடு வந்து சேரும் வரை அதற்கு வழி விடவில்லை.