சாட்சி என்ற சொல்

அந்தப் புத்தகத்தை நான் முதன்முதலில் கண்டபோது அது ஒரு பொலித்தீன் பைக்குள் இருந்தது. வாயை மடித்து அரக்கு வைத்து, நூலில் ஒரு துண்டு அட்டையும் கட்டியிருந்தார்கள். பச்சை அட்டை போட்ட மெல்லிய புத்தகம். சிறு பிள்ளைகள் வாசிக்கக்கூடிய பெரிய எழுத்தில், இஸ்லாம் மார்க்கத்தின் ஆரம்பப் பாடங்கள் என்று மேலே அச்சடித்திருந்தது. வேறொரு காலமாக இருந்தால் நான் அதைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். ஆனால் உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வெடித்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பொலிஸ் பொறுப்பதிகாரி பையைக் கையால் தொடாமல் பேனா முனையால் என் பக்கம் தள்ளிவிட்டார்.

நான் வெள்ளவத்தையில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகத் தொழில் செய்கிறேன். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், போட்டோக்கொப்பிக் கடைக்கு மேலே என் அறை. பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு, காணி உறுதி என்று தமிழிலிருந்து சிங்களத்துக்கும் சிங்களத்திலிருந்து தமிழுக்கும் மாற்றி, கீழே என் முத்திரையைக் குத்திக் கொடுப்பது என் வேலை. அன்றைக்குப் பொலிஸ் நிலையத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லையென்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பொலிஸ் நிலையத்திலிருந்து அழைப்பு என்றால் யாழ்ப்பாணத்தில் பிறந்த எவரும் ஆயத்தமில்லாமல் போவதில்லை. அடையாள அட்டையை இரண்டு தரம் பார்த்து எடுத்துக்கொண்டு போனேன்.

சுவரோரத்து வாங்கில் அந்தப் பெண் இருந்தார். நாற்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். கறுப்பு அபாயா, கைகள் மடியில் கோர்த்தபடி. மார்க்கம் படித்த பெண்களை முஸ்லிம்கள் ஆலிமா என்பார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன். கொட்டாஞ்சேனையில் தன் வீட்டு முன்னறையில் பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்து வந்தவர். அங்கே பிள்ளைகளைக் கூட்டி ஏதோ சத்தமாகச் சொல்ல வைக்கிறார்கள் என்று யாரோ தகவல் கொடுத்திருந்தார்கள். வீட்டைச் சோதித்ததில் அகப்பட்டது இந்தப் புத்தகக் கட்டு. அவரே எழுதி அச்சடித்தது.

நான் வாசிக்கத் தொடங்கினேன். உண்மையைச் சொன்னால், அடுத்த பக்கத்தில் விஷம் இருக்கும் என்ற எண்ணத்தோடுதான் ஒவ்வொரு தாளையும் திருப்பினேன். அந்த நாட்களில் எங்கள் எல்லோருடைய மனமும் அப்படித்தான் இருந்தது. பஸ்ஸில் பக்கத்து ஆசனத்துப் பையைப் பார்த்தோம். பார்ப்பதை மற்றவர்கள் பார்க்கிறார்களா என்றும் பார்த்தோம். முதற் பாடம் இறைவன் ஒருவனே என்றது. அவனுக்கு உருவமில்லை, இணையில்லை, பெற்றவரும் பிள்ளையும் இல்லை. பிறகு கண்ணுக்குத் தெரியாத வானவர்கள், காலந்தோறும் இறக்கப்பட்ட வேதங்கள், நபிமார்கள். எல்லோரும் எழுப்பப்பட்டுச் செய்ததற்குக் கணக்குச் சொல்லும் கடைசி நாள். நன்மையும் தீமையும் அவன் விதித்தபடி என்ற நம்பிக்கை. நான் ஒவ்வொரு வரியாகச் சிங்களத்தில் சொல்ல, அதிகாரி எழுதிக்கொண்டு வந்தார். பல நாள் வீட்டுக்குப் போகாத முகம் அவருக்கு. தொழுகைப் பாடம் வந்தது. ரமழான் நோன்பைப் பற்றிச் சொல்லும் இடத்தில், சுகமில்லாதவரும் பிரயாணத்தில் இருப்பவரும் பிறகு நோற்கலாம் என்றிருந்தது. வசதியுள்ளவர் தன் சேமிப்பில் ஒரு பங்கை வருடந்தோறும் ஏழைகளுக்குக் கொடுக்கும் ஸகாத்தைப் பற்றி, அது பிச்சையல்ல, ஏழையின் உரிமை என்று எழுதியிருந்தார். முடிந்தவருக்கு ஆயுளில் ஒரு தரம் மக்காப் பயணம். பின்பாதியில் பிள்ளைகள் பழக வேண்டியவை: தாய் தகப்பனிடம் குரலை உயர்த்தாதே, தண்ணீரை வீணாக்காதே, ஒருவர் நம்பித் தந்த பொருள் அமானிதம், அயலவர் எந்த மதமானாலும் அவர் பசித்திருக்க நீ மட்டும் சாப்பிடாதே. பாடத்தின் முடிவில் ஒரு பயிற்சி இருந்தது. உண்மை சொன்னால் அடி விழும், பொய் சொன்னால் தப்பலாம் என்ற இடத்தில் நீ என்ன செய்வாய் என்று கேட்டிருந்தார்.

விஷம் வரவில்லை. அதனால் என் சந்தேகம் தீர்ந்துவிட்டதென்று நினைக்க வேண்டாம். இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே, இது வெளியே காட்டுவதற்கென்று எழுதியதோ என்று அது வேறு பக்கம் திரும்பியது.

அதிகாரி ஓர் இடத்தில் பேனாவை நிறுத்தினார். ஐந்து கடமைகளில் முதலாவதற்கு ஷஹாதா என்ற அரபுச் சொல்லைப் போட்டு, சாட்சி சொல்லுதல் என்று தமிழில் எழுதியிருந்தார் ஆலிமா. இறைவன் ஒருவன், முஹம்மத் அவனுடைய தூதர் என்று சாட்சி சொல்லுவது. தற்கொலைக் குண்டுதாரிகளைச் சிலர் ஷஹீத், அதாவது மார்க்கத்துக்காக உயிர் கொடுத்தவர், என்பதாக அதிகாரி தொலைக்காட்சியில் கேட்டிருந்தார். இரண்டும் ஒரே சொல்லா என்று என்னிடம் கேட்டார். எனக்கு அரபு தெரியாது, தெரியாததை ஊகித்துச் சொல்வது என் தொழிலுக்கு ஆகாது, எழுதியவரிடமே உங்கள் முன்னால் கேட்கிறேன் என்றேன். சிறிது யோசித்துவிட்டு அவர் சம்மதித்தார்.

நான் கேட்டேன். ஆலிமா அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்கள் யாழ்ப்பாணமோ?” என்றார்.

அந்தப் பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சு. யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவில் பிறந்து, முஸ்லிம்களை ஆயுதம் ஏந்திய தமிழ் இயக்கம் ஊரைவிட்டு வெளியேற்றியபோது சிறு பிள்ளையாகப் புத்தளத்துக்கு நடந்தவர் அவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். கலியாணத்துக்குப் பிறகே கொழும்புக்கு வந்திருக்கிறார். சிங்களம் கடைக்குப் போகும் அளவுக்குத்தான் வரும். அந்தக் கேள்வியில் இருந்தது ஊர்ப் பாசமல்ல. அவர் வாய்ச்சொல்லை அந்த அதிகாரியிடம் கொண்டுபோகப் போவது யார் என்று அவர் அளந்து பார்த்தார். நான் ஓம் என்றேன். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஷஹாதா எண்டால் சாட்சி. கோட்டிலை நிண்டு சொல்லுற சாட்சிதான். ஷஹீத் எண்டுறதும் அந்த வேரிலை இருந்து வாற சொல்தான்” என்றார்.

சாட்சி என்பதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். இரண்டும் ஒரே சொல்லா என்று கேட்டது நான்தான், ஆனாலும் அந்தக் கடைசி வசனம் அவருக்கு என்ன கேடு செய்யும் என்று எனக்குத் தெரிந்தது. கடைசியாகச் சொன்னதையும் அப்படியே சொல்லவா என்று கேட்டேன். அவர் குரல் மாறவில்லை.

“அதையும் சொல்லுங்கோ. அதோடை, ஆக்களைக் கொல்லுறவன் ஷஹீத் இல்லை எண்டும் சொல்லுங்கோ.”

இரண்டையும் சொன்னேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஒரே வேர் என்பதை அதிகாரி எழுதி அடிக்கோடிட்டார். மற்றதை எழுதினாரோ என்னவோ, கை அசைந்ததை நான் காணவில்லை. என் மொழிபெயர்ப்பும் இன்னொருவரிடம் சரிபார்க்க அனுப்பப்படும் என்று எழும்பும்போது சொன்னார். நானும் தமிழ் பேசுகிறவள்தானே. ஆலிமாவை விளக்கமறியலில் வைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். தேர்ந்த ஆளா, ஒன்றும் தெரியாத ஆளா, ஏன் அந்த ஒரு வரியைச் சொன்னார் என்று வெகுநாள் என்னால் முடிவுக்கு வர முடியவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது அவர் என் அறைக்கு வந்தார். குற்றம் எதுவும் இல்லையென்று விட்டிருந்தார்கள். கூடவே, புறக்கோட்டையில் துணிக்கடையொன்றில் வேலை செய்யும் கணவர். நான் முதலில் நினைத்தது, ஏதோ முறைப்பாடு எழுதி என் பெயரையும் அதில் சேர்க்கப் போகிறார்கள் என்று. ஆலிமா கதிரையில் உட்காரவில்லை.

“அக்கா, அண்டைக்கு நீங்கள் அவருக்கு என்ன சொன்னீங்கள்? சரியாய்ச் சொன்னதெண்டால் என்னை ஏன் அடைச்சவங்கள் எண்டு உள்ளுக்கை இருந்து யோசிச்சுக்கொண்டே இருந்தனான்.”

அன்று சொன்ன சிங்கள வசனத்தை நான் திருப்பிச் சொன்னேன். சரியாகத்தான் இருக்கிறது என்றார் சிங்களம் தெரிந்த கணவர். இன்றைக்குச் சொன்னது சரி, அன்றைக்கும் இதையேதான் சொன்னேன் என்பதற்கு என்னிடம் எந்த அத்தாட்சியும் இல்லை. அது ஆலிமாவுக்கும் தெரிந்திருந்தது. தலையை மட்டும் ஆட்டினார். பிறகு கைப்பையிலிருந்து அதே பச்சைப் புத்தகத்தின் ஒரு பிரதியை எடுத்து மேசையில் வைத்து, இதை முழுக்கச் சிங்களத்தில் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். வீட்டுக்கு எதிரே இருக்கும் சிங்களக் குடும்பம் இப்போது முகம் கொடுத்துக் கதைப்பதில்லையாம். பிள்ளைகள் என்ன படித்தார்கள் என்று அவர்கள் தாங்களே வாசித்துப் பார்க்கட்டும் என்றார்.

எனக்குப் பயமாக இருந்தது. எத்தனையோ ஆயிரம் தாள்களில் குத்திய முத்திரையை இதில் குத்தினால் அடுத்த பொலித்தீன் பைக்குள் என் பெயரும் போகலாம். ஆனாலும் அந்தப் பயத்தை அவர் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செய்து கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் வருவார்கள். நான் எழுதியதைக் கணவர் ஒவ்வொரு வரியாகத் தமிழில் திருப்பிச் சொல்ல, ஆலிமா மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். ஒரு பக்கத்தைக்கூட நம்பி விடவில்லை. ஷஹாதா என்ற சொல்லை எடுத்துவிட்டுச் சாட்சி என்று மட்டும் போடலாமே என்று சொல்லிப் பார்த்தேன். அது எங்கட சொல், அவங்கள் களவெடுத்ததுக்காக நான் விடேலாது என்றார். கடைசிப் பக்கத்தில் முத்திரையைக் குத்தினேன்.

சில நாட்களின் பின் அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. எதிர்வீட்டு அம்மா புத்தகத்தை வாசித்துவிட்டாராம், கதைக்க வர வேண்டும் என்கிறாராம். கணவருக்குக் கடையில் லீவு இல்லை. நான் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். மூன்று பேரும் அந்த முன்னறையில் உட்கார்ந்தோம். பிள்ளைகள் இருந்து ஓதிய பாய்கள் சுருட்டி மூலையில் சாத்தப்பட்டிருந்தன. ஆலிமா இஞ்சி போட்ட தேத்தண்ணியும் வட்டிலப்பமும் வைத்தார். எதிர்வீட்டு அம்மா அறுபதைத் தாண்டியவர்; கோப்பையைத் தொடாமல் கைலேஞ்சியை முறுக்கிக்கொண்டிருந்தார். அந்த ஞாயிறு தன் தங்கை தேவாலயத்தில் இருந்தாள், ஒரு காது கேட்காமல் போனதோடு தப்பினாள் என்று தொடங்கினார். பின்னேரங்களில் பிள்ளைகள் ஒரே குரலில் சத்தமிட்டுச் சொல்லும்போது தன் நெஞ்சு நடுங்கியது என்றார். நான் தமிழில் சொல்லச் சொல்ல ஆலிமா கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு அந்த அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு, பொலிசுக்குச் சொன்னது தான்தான் என்றார்.

பொலிஸ் என்ற சொல் ஆலிமாவுக்கு விளங்கியிருக்க வேண்டும். முகம் மாறி என்னைப் பார்த்தார். வேறு யாரும் அந்த வீட்டில் இல்லை. நான் எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். பொலிசுக்குப் பயந்தேன் என்கிறார் என்று சொல்லியிருந்தால் அந்தப் பின்னேரம் சுமுகமாக முடிந்திருக்கும். நான் உள்ளதைச் சொன்னேன்.

தெருவில் முச்சக்கர வண்டியொன்று நின்று ஆளை இறக்கிவிட்டுப் போனது. உண்மையாகவா, சரியாகத்தான் விளங்கிக்கொண்டீர்களா, திரும்பக் கேளுங்கள் என்று எதையும் ஆலிமா என்னிடம் கேட்கவில்லை.

“எனக்குக் கோபம் இருக்கு எண்டு சொல்லுங்கோ. கனகாலம் இருக்கும் எண்டும் சொல்லுங்கோ” என்றார். கோப்பையை அந்த அம்மாவின் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். “தேத்தண்ணி ஆறுது. குடிக்கச் சொல்லுங்கோ.”

அவர் சொன்ன ஒழுங்கிலேயே நான் எல்லாவற்றையும் சிங்களத்தில் சொன்னேன். அந்த அம்மா கோப்பையை இரண்டு கையாலும் எடுத்தார்.