மூத்தவன் கேட்ட சாவி

புரட்டாசி பிறந்துவிட்டால் பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்குத் தசரா வேஷக்காரர்கள் வராத நாள் குறைவு. குலசேகரன்பட்டினத்து அம்மனுக்கு நேர்ந்துகொண்டு, விரதமிருந்து, கையில் காப்புக் கட்டி, காளியாகவும் குரங்காகவும் போலீஸாகவும் வேஷம் போட்டு வீடு வீடாகத் தர்மம் எடுப்பார்கள். எடுத்ததைக் கொண்டுபோய் அம்மன் உண்டியலில் சேர்ப்பார்கள். வேஷம் போட்டவர் யாராயிருந்தாலும், காப்பு அவிழ்க்கும் வரைக்கும் அவர் ஆளில்லை, சாமி. பெற்றவளே பிள்ளையை 'சாமி' என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் வீடு கிறிஸ்தவ வீடு. ஆனாலும் என் மாமியார் காலத்திலிருந்தே வாசல் ஜன்னலில் ஒரு டப்பாவில் சில்லறை இருக்கும். யாரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை.

நான் பிறந்தது வள்ளியூரில், அந்த அம்மனைக் கும்பிடுகிற வீட்டில். கூட வேலை பார்த்த வாத்தியாரைக் கல்யாணம் செய்து, ஞானஸ்நானம் எடுத்து, இங்கே வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு என் அண்ணன் நான் வேலை பார்த்த பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிட்டான். சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "இனிமே ஒன் வாசப்படிய மிதிக்க மாட்டேன். அம்மன் மேல சத்தியம்" என்றான். நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. "நீ வந்தாலும் நான் கதவத் தொறக்க மாட்டேன், போ" என்றேன். பிள்ளைகள் எல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், அதுவும் என் வகுப்பு.

அண்ணனுக்கும் எனக்கும் நாலு வயது வித்தியாசம். எங்களைப் பிடித்து ஆட்டிய பைத்தியம் ஒன்று உண்டு. சாயங்காலம் கரண்ட் போகும். அம்மா அரிக்கேன் விளக்கைத் துடைத்து ஏற்றுவதற்குள் அண்ணன் கதையைத் தொடங்கிவிடுவான். அண்டம் முழுவதையும் ஒரு ராசா பிடித்து வைத்திருக்கிறான். அவனுக்கு வெளிச்சம் என்றால் பயம். அதனால் ஒரு நீளக் குழாயை வைத்து நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக உறிஞ்சிக் குடிக்கிறான். அவனுக்குக் காவலாக அவனே செய்துவைத்த ஏழு இரும்பு மனிதர்கள். ஒவ்வொருத்தன் நெஞ்சிலும் ஒரு பூட்டு. சாவி யார் கையில் இருக்கிறதோ அவர் சொன்னபடி அவன் கேட்பான். ஏழு சாவியும் ராசாவின் இடுப்பில். ராசா அசந்து தூங்கும்போது அந்த ஏழு பேரில் ஒருத்தன் சாவிக்கொத்தைத் திருடிவிட்டான். அவன்தான் மூத்தவன். அங்கேதான் யுத்தம் ஆரம்பம்.

யுத்தம் எத்தனை வருடம் நடந்தது என்று எனக்கே தெரியாது. ரேஷன் கடை வரிசையில் நடந்தது. எனக்கு அம்மை போட்டு வேப்பிலை மேல் படுத்திருந்தபோதும் நடந்தது. ராசாவின் குரலுக்கு அண்ணன் எங்கள் தலைமை ஆசிரியர் குரலைத்தான் வைத்திருந்தான். மூக்கால் பேசி, நடுவில் ஒரு செருமல். நான் சிரித்தால் கோபம் வரும். "ஏட்டி, அங்கன ஆளு செத்துக்கிட்டு இருக்கான், நீ சிரிக்க" என்பான். நிறையப் பேரைச் சாகடித்தான். நான் அழுதால் மறுநாள் எப்படியாவது பிழைக்க வைத்துவிடுவான்.

ஒரு நாள் அவன் பெரிய யோசனையில் இருந்தான். இரும்பு மனிதன் தன் சாவியைத் தானே வைத்திருந்தால், ராசா அவனைப் பிடிக்கும்போது சாவியும் சேர்ந்து மாட்டிவிடும். அப்போது பழையபடி அடிமை. என்ன செய்வது? "ஒருத்தன் சாவி இன்னொருத்தன்கிட்ட இருக்கணும்" என்று முடிவு சொன்னான். "நம்பிக்கையான ஆளாப் பாத்துக் குடுக்கணும்." அந்தக் கோடை லீவில் அவன் ஒரு பீரோப் பட்டறையில் எடுபிடி வேலைக்குப் போனான்; பின்னாளில் அதுவே தொழிலாகி, சொந்தப் பட்டறையும் வைத்தான். கழித்துப் போட்ட பூட்டுகள் இரண்டைச் சாவியோடு கொண்டுவந்தான், அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும் பூட்டுகள். சாவிகளில் ஒன்று மூத்தவனுடையது, அது என்னிடம். இன்னொன்று கடைசி இரும்பு மனிதன் இளையவனுடையது, அதாவது என்னுடையது. அது அவனிடம்.

அந்தச் சாவியை நான் எறியவில்லை. கல்யாணமாகி வந்தபோது என் சாவிக்கொத்தில் அது இருந்தது. "இது எதுக்கு உள்ள சாவி?" என்று வீட்டுக்காரர் கேட்டார். "எதுக்கும் இல்லை" என்றேன். அவர் நல்ல மனுஷன், மேலே கேட்கவில்லை.

நடுவில் அம்மா இறந்தாள். போனேன். ஒரே பந்தலில் அவனும் நானும் இருந்தோம். எல்லோருக்கும் தெரியும்படியாக அவன் என்னைப் பார்க்காமல் இருந்தான். நானும் விட்டுக்கொடுக்கவில்லை. பெரிய ரோஷக்காரி. காப்பி கொடுக்க வந்தவளிடம், "அங்கன இருக்காவள்லா, அவியளுக்கு மொதல்ல குடு" என்று மூன்றாம் மனுஷனைச் சொல்வதுபோல் அவனைக் காட்டினேன். அவன் டம்ளரை வாங்கி அப்படியே கீழே வைத்தான். அதோடு முடிந்தது.

போன வருடத் தசராவில், ஒரு சனிக்கிழமை, வெயில் தாழ்ந்திருந்த நேரம். கொட்டுச் சத்தம் கேட்டு மாடிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். தெருமுனையில் ஒரு குழு. முன்னால் காளி வேஷம். அதன் பின்னால் பளபளவென்று ஆறு இரும்பு ஆட்கள். தகரத்தை வளைத்து, ஆணி தைத்து, சாம்பல் பெயின்ட் அடித்திருந்தார்கள். எதிர் வீட்டுப் பிள்ளைகள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். மைக் பிடித்தவர், "வானலோகத்து இரும்பு வீரர்கள் அம்மனுக்குத் துணையா யுத்தத்துக்கு வந்திருக்காவ" என்றார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இந்தக் காலத்துப் பயல்கள் என்னவெல்லாம் போடுகிறார்கள் என்று நினைத்தேன்.

பிறகு மகிஷாசுரன் வந்தான். எருமைத் தலை, கொம்பு, கறுப்பு அங்கி எல்லாம் வழக்கம்போலத்தான். ஆனால் வாயில் ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாய். அந்தக் குழாயை வானத்தைப் பார்த்துத் தூக்கி உறிஞ்சினான்.

இரும்பு ஆட்களை எண்ணினேன்: ஆறு பேர்தான், ஏழாவதான இளையவன் நான். அந்தக் குழாயைப் பற்றித் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர்.

நடுத்தெருவில் சண்டை நடந்தது. அசுரன் பெரிய இரும்பு ஆளை நெஞ்சில் பிடித்து, "சாவிய எடு" என்றான். மூக்கால்தான் கேட்டான். செருமல்கூட இருந்தது. தன் பட்டறைப் பையன் எவனுக்கோ அண்ணன் அதையும் சொல்லிக் கொடுத்திருக்கிறான். "எஞ்சாவி எங்கிட்ட இல்ல" என்றது பெரிய இரும்பு. கொட்டு உச்சத்துக்குப் போனது. காளி சூலத்தை ஓங்கினாள். நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. இதை எழுதும்போதும் அந்த இரண்டும் வருகின்றன.

சண்டை முடிந்து எல்லோரும் ஆளுக்கொரு வீடாகப் பிரிந்தார்கள். பெரிய இரும்பு மட்டும் நேராக எங்கள் வீட்டைப் பார்த்து வந்தது. வலது காலைச் சற்றுப் பக்கவாட்டில் வைத்து நடந்தது. வாலிபத்தில் பட்டறையில் அவன் காலில் தகடு விழுந்தது. அன்றிலிருந்து அண்ணன் நடை அப்படி.

நான் படியிறங்கி வந்தேன். முன்வாசலில் கிரில் கேட், உள்பக்கம் பூட்டியிருந்தது. சாவிக்கொத்து என் கையில். திறக்கத்தான் எடுத்துக்கொண்டு வந்தேன், கர்த்தர் சாட்சி. இரும்பு மனிதன் வாசலுக்கு வந்து கொஞ்ச நேரம் நின்றான். பிறகு ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தான். டங் என்று சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்தில்தான் எனக்கு எல்லாம் புரிந்தது. வேஷத்துக்குள் இருப்பவன் அண்ணன் இல்லை, சாமி. சாமி யார் வாசற்படியையும் மிதிக்கலாம். சத்தியத்தை முறிக்காமல் என் வீட்டுக்கு வர அவன் கண்டுபிடித்த வழி அது. அதைப் புரிந்துகொண்ட மாத்திரத்தில் எனக்குள் குபீரென்று கோபம் ஏறியது. வருகிறவன் மனுஷனாக வரட்டுமே. தகரத்துக்குள் ஒளிந்துகொண்டா வருவது? இவன் சத்தியம் இவனுக்குப் பத்திரமாக இருக்க வேண்டும், நான் மட்டும் என் வார்த்தையை விட்டுக் கதவைத் திறக்க வேண்டுமா?

"தர்மம், தாயி" என்றான். தகரத்துக்குள்ளிருந்து வந்த குரல் கரகரத்தது. முகவாய்க்குக் கீழே வேர்வை சொட்டி, படியில் ஈரம் பட்டிருந்தது.

டப்பாவிலிருந்து எடுத்து, கம்பி வழியாக நீட்டினேன். வாங்கிக்கொண்டான். போகவில்லை.

இரண்டு தடவை தொண்டையைச் செருமினான். "தாயி, மூத்தவன் சாவி இங்கன இருக்கா?"

நெஞ்சுத் தகட்டில் ஒரு பீரோப் பூட்டு பதித்திருந்தது. சாவித்துவாரம் என் கண்ணுக்கு நேராக இருந்தது. சாவிக்கொத்து சத்தம் போடாமல் இருக்க, முந்தானைக்குள் அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். முகத்தில் ஒன்றும் காட்டாமல், "எந்தச் சாவி, சாமி?" என்றேன். "இங்க அப்படி ஒண்ணும் இல்ல. போயிட்டு வாங்க."

உள்ளேயிருந்து வீட்டுக்காரர், "யாரு?" என்றார்.

"வேஷக்காரங்க" என்றேன்.

இரும்புத் தலை ஒரு தடவை ஆடியது. காலைப் பைய எடுத்துக் கீழே வைத்தான். நான் மரக்கதவையும் சாத்தினேன். ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்திருக்கலாம். எந்தச் சாமி வந்தாலும் கேட்காமலே தண்ணீர் கொடுக்கிற வீடு எங்கள் வீடு. அவனுக்கு மட்டும் கொடுக்கவில்லை.

அன்று எனக்கு ஜெயித்த மாதிரிதான் இருந்தது. அதை மறைக்கவில்லை. 'முகத்தைத் திறந்துகொண்டு வரட்டும், பார்க்கலாம்' என்று சமையலறையில் பாத்திரங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு நாளில் அது ஆறிவிட்டது. கிறிஸ்துமஸ் லீவில் வள்ளியூர் போவோமா என்று வீட்டுக்காரரிடம் நானே கேட்டேன். அவர் ஆச்சரியப்பட்டு, உடனே சரி என்றார். லீவில் விருந்தாட்கள் வந்தார்கள். பொங்கலுக்குப் போகலாம் என்று தள்ளினேன். பொங்கல் வருவதற்குள் போன் வந்துவிட்டது. பட்டறையில் நின்று பேசிக்கொண்டிருந்தவன் அப்படியே உட்கார்ந்தானாம். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மத்தியானம் மதினி என்னைப் பட்டறைக்குள் கூட்டிப்போனாள். பெயின்ட் வாடை. மூலையில் ஒரு ஸ்டூலின் மேல் மூத்தவன் உட்கார்ந்திருந்தான். தலையைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்கள்.

"ஆடியிலயே நெஞ்சுவலி வந்துட்டு" என்றாள் மதினி. "அதுக்குத்தான் வேஷம் போடுதேன்னு நேந்துக்கிட்டாவ. இந்தக் கனத்தத் தூக்காதீயன்னு சொன்னேன், கேட்டாத்தானே. ஒன் வீட்டுக்கும் வந்தாவளாம். தெரியுமா?"

நான் மூத்தவன் மடியிலிருந்த தலையைப் பார்த்தேன்.

"வந்து சொன்னாவ. 'அவளுக்கு என்னைத் தெரியல. சாவியும் மறந்துட்டு. சின்னப் பிள்ளையில சொன்ன கத, அவ என்ன செய்வா பாவம்'னு. கோவமே படல. 'அடுத்த வருசம் தலைய மாட்டாமப் போறேன், சத்தியமாவது ஒண்ணாவது'ன்னாவ."

அவன் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தங்கச்சி கல்நெஞ்சுக்காரி என்று தெரிந்தே போயிருந்தால்கூடப் பரவாயில்லை. எனக்கு மறந்துபோய்விட்டது என்று நினைத்து, எனக்காகப் பரிந்து பேசிவிட்டுப் போயிருக்கிறான்.

மதினி முந்தானையால் நெஞ்சுத் தகட்டைத் துடைத்தாள். "இதுக்குள்ள என்னமோ வச்சிப் பூட்டியிருக்காவ. ஆட்டுனா சின்னதா ஒரு சாமான் உருளுது. பூட்டுக்குச் சாவியக் காணும். கேட்டா, வேற ஆளுகிட்ட இருக்குன்னாவ. ஒடைக்கவும் மனசு வரல. ஆசையாச் செஞ்சது."

உருளுவது என்ன என்று எனக்குத் தெரியும். அது இளையவன் சாவி.

"ஒனக்குத் தெரியுமாட்டி, சாவி யாருகிட்ட இருக்குன்னு?"

என் கைப்பை மடியில் இருந்தது. இப்போது எடுத்து நீட்டினால் அன்றைக்கு எனக்கு எல்லாம் தெரியும் என்பதும் வெளியே வந்துவிடும். மதினி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாவிக்கொத்து சத்தம் போடாமல் இருக்க, பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு எப்படித் தெரியும், மதினி" என்றேன்.