நீங்க இன்னும் வந்துட்டிருக்கறீங்க

போத்தனூர் ராமாமணி ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடியபின் ஒரு செக்யூரிட்டி ஏஜென்சியில் சேர்ந்தார். போன ஆடியில் அவரை ஒரு கண்காட்சிக்குக் காவலாக அனுப்பினார்கள். வீடியோ கேமரா புதிதாக வந்த காலத்தில் கலைஞர்கள் அதை வைத்து என்னென்ன செய்து பார்த்தார்கள் என்று காட்டும் கண்காட்சி.

அவருக்குக் கிடைத்தது கடைசிக் கூடம். நீளமான, குறுகலான இடம். ஒரு கோடியில் பழைய பெட்டி டிவி. எதிர்க்கோடியில் வாசலுக்கு மேலே கேமரா. டிவியை நோக்கி நடப்பவரின் முதுகை அது பிடித்து, சற்றுத் தாமதமாக டிவியில் காட்டும். யாரும் வராதபோது வெறும் சுவர்தான் தெரியும்.

"பாக்கறவங்க உள்ள வந்தாத்தான் இது கலைங்க்கா. இல்லாட்டி வெறும் டிவி" என்றாள் கண்காட்சியை நடத்திய ஷ்ரவ்யா.

ராமாமணிக்கு அது மனதில் தங்கிவிட்டது. கூட்டமில்லாத மதியங்களில் டிவி சும்மா கிடப்பது பொறுக்காமல், தானே எழுந்து ஒரு நடை போய்வருவார். வருகிறவர்கள் வெறும் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் விடமாட்டார்.

"சித்த நில்லுங்க கண்ணு. நீங்க இன்னும் வந்துட்டிருக்கறீங்க."

நின்றவர்கள் தங்கள் முதுகு நடந்துபோவதைக் கண்டு சிரித்தார்கள். ஒரு பெண், "எங்கம்மா நடையாட்டவே இருக்குதுங்க" என்று சொல்லி வெகுநேரம் நின்றாள்.

கடைசி நாள் சாயங்காலம் கணவர் பாலுசாமி கூட்டிப்போக வந்தார். சோமனூர் விசைத்தறிகளுக்கு நூல் ஏற்றி டெம்போ ஓட்டியவர். எங்கே போனாலும் விறுவிறுவென்று முன்னால் நடப்பார். ராமாமணி பின்னால் போவார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். இங்கும் பாலுசாமி நேராக டிவியை நோக்கி நடந்தார்.

"ஒண்ணையுங் காணமே?"

"நில்லுங்க, வரும்."

வந்தது. முன்னால் கைவீசிப் போகும் ஓர் ஆள். பின்னால் தோளில் பையோடு, முழங்கால் வலியில் சாய்ந்து சாய்ந்து ஓட்டமும் நடையுமாக ஒரு பெண். அவள் கையை நீட்டினாள், பிறகு தாழ்த்திக்கொண்டாள்.

"கையை எதுக்குப் புள்ள நீட்டுன?"

"மெதுவாப் போங்கன்னு சொல்ல வந்தனுங்க."

"சொல்லவே இல்லியே."

"முந்தியெல்லாம் சொல்லுவேன். உங்களுக்குக் கேக்காது. அப்பறம் உட்டுப்போட்டேன்."

பாலுசாமி டிவியையே பார்த்தார். அதில் இப்போது அவர்கள் இருவரும் நின்றிருந்தார்கள்.

"இன்னொருக்கா நடக்கலாமா?" என்றார்.

வாசலுக்குப் போய்த் திரும்பி வந்தார்கள். அடி எடுத்துவைக்கவே தெரியாதவர்போல, பாலுசாமி மனைவிக்கு இணையாகத் தடுமாறி நடந்தார். டிவியில் இரண்டு முதுகுகள் பக்கம்பக்கமாகப் போயின.

"என்ற முதுகு இப்பிடிக் கூனிப்போச்சா?"

"போனாப் போகுது. பாக்க நல்லாத்தான இருக்குது" என்றார் ராமாமணி.

தெருவிலும் பாலுசாமி பக்கத்திலேயே நடந்தார். பையையும் வாங்கிக்கொண்டார். காந்திபுரத்தில் போத்தனூர் பஸ்ஸைக் கண்டதும் ராமாமணிதான், "ஏனுங்க, நீங்க முன்னால ஓடி சீட்டுப் புடிங்க" என்றார்.

பாலுசாமி போனார். ஆனால் ராமாமணி வருகிறாரா என்று நின்று நின்று திரும்பிப் பார்த்தார். அதற்குள் சீட்டெல்லாம் நிறைந்துவிட்டது. போத்தனூர் வரை இருவரும் ஒரே கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே போனார்கள்.