லவோனாவுக்குத் தேவைப்பட்ட பதினான்கு வாய்கள்

கென்டக்கி மலைப்பக்கத்து நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றில் பதினேழு வருடமாகத் தட்டு தூக்கிய லவோனா காடில், முப்பத்தொன்பதாவது வயதில் கல்லூரியில் சேரப் போவதாகச் சொன்னபோது, கணவன் டெல்பர்ட் கேட்டது ஒரே வார்த்தைதான்.

"மறுபடியுமா?"

கேட்டதில் நியாயம் இருந்தது. இருபத்தேழு வயதில் டிவி விளம்பரத்தை நம்பி, ஆஸ்பத்திரி பில் போடும் படிப்பு ஒன்றைக் கடன் வாங்கிப் படித்தவள் அவள். அந்தச் சான்றிதழை எந்த ஆஸ்பத்திரியும் மதிக்கவில்லை. கடன் கொடுத்தவர்கள் மட்டும் மாதம் தவறாமல் அவளை நினைத்துக்கொண்டார்கள். கட்டி முடிக்கப் பதினோரு வருடம் ஆயிற்று, கடைசித் தவணை போனது போன மாதம்தான்.

இந்த முறை ஏமாறுவதில்லை என்று, தட்டுக்கு அடியில் போடும் காகிதத்தைத் திருப்பிப் போட்டுக் கணக்கு எழுதினாள். ஊர்ப்பக்கத்து அரசுக் கல்லூரியில் அவளுக்குத் தோதான படிப்பு இரண்டு. டாக்டருக்கு உதவியாளர் வேலைக்கு ஒரு வருடம். உதவித்தொகையே போதும், கடன் இல்லை. சம்பளம் வருடத்துக்கு முப்பத்தோராயிரம் டாலர். டிப்ஸோடு இப்போதே இருபத்தெட்டு வருகிறது. மூவாயிரத்துக்காகவா இத்தனை பாடு? பல் சுத்தம் செய்யும் படிப்பு இரண்டு வருடம். உதவித்தொகை போகப் பத்தொன்பதாயிரம் கடன். சம்பளமோ அறுபதாயிரம்.

"அறுபதுன்னு போட்டவன் கையெழுத்துப் போட்டுத் தருவானா?" என்றான் டெல்பர்ட்.

அதையே போய்க் கேட்டாள். கல்லூரியில் சேர்க்கையைக் கவனிக்கும் ப்ரூவர் அம்மாள் இப்படிக் கேட்பவர்களைப் பார்த்ததில்லை போலும், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

"இருபது பேர் சேந்தாங்க. பதினாறு பேர் முடிச்சாங்க. அத்தனை பேருக்கும் வேலை கிடைச்சிருச்சு."

"அந்த நாலு பேருக்கு என்ன ஆச்சு?"

"ஆள் கிடைக்கல."

வெட்டிப் பேச்சில்லை. அந்தப் படிப்பில் மாணவர்கள் சுத்தம் செய்து பழகுவதற்கான நோயாளிகளைத் தாங்களே பிடித்துக்கொண்டு வரவேண்டும். அதுவும் சும்மா வாய் ஆகாது. வருடக்கணக்காகப் பல்லில் காரை ஏறி இறுகிப்போன வாய் வேண்டும். கிடைக்காவிட்டால் இன்னொரு பருவம், இன்னும் ஐந்தாயிரம் கடன். சிலர் கூலி கொடுத்துக்கூட ஆள் கூட்டி வருகிறார்களாம்.

"எத்தனை வாய் வேணும்?"

"பதினாலு. வெள்ளிக்கிழமைக்குள்ள கடன் பத்திரத்துல கையெழுத்துப் போடணும். யோசிச்சிக்கோம்மா."

மறுநாள் காலையிலிருந்து லவோனா யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை, வாயைத்தான் பார்த்தாள். ஜோக் சொன்னாள், சிரித்தவனுடைய வாய்க்குள் காப்பி ஊற்றுகிற சாக்கில் எட்டிப் பார்த்தாள். ஆர்டர் எழுதும் புத்தகத்தின் பின்பக்கத்தில் பட்டியல் வளர்ந்தது. நாற்பது வருடம் சுரங்கத்தில் புகையிலை மென்ற ஹோபர்ட் மாமாவுக்கு நேராக, 'கீழ் வரிசை, புதையல்' என்று ஆசையாக எழுதினாள்.

அந்தப் புத்தகத்தை ஹோபர்ட் மாமாவின் மேஜையிலேயே மறந்து வைத்துவிட்டும் போனாள். அவளை என்ன சொல்வது!

புதன்கிழமை ஓட்டலே வாயைத் திறக்கவில்லை. தலையாட்டி ஆர்டர் கொடுத்தார்கள், உதட்டை மூடிக்கொண்டு மென்றார்கள். டிப்ஸ் பாதியாகிவிட்டது. கல்லாவில் பணம் கொடுக்க வந்த கிழவர் ஓர்வில் மட்டும் வேறு கோபத்தில் இருந்தார்.

"லிஸ்ட்டுல எம்பேரு ஏன் இல்ல?"

"உங்களுது கட்டுன பல்லாச்சே, கண்ணு."

"கீழ நாலு சொந்தப் பல்லு இருக்கு! இவனுங்கள விட மோசமா இருக்கு, வந்து பாரு!"

லவோனாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. காப்பிக் கூஜாவை வைத்துவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி உடைத்துச் சொன்னாள். "நான் கேலி பண்ணல. பதினாலு பேர் கிடைக்கலேன்னா கடன் மேல கடன். இன்னொரு பதினோரு வருஷம் என்னால முடியாது."

ஹோபர்ட் மாமா காப்பியைக் கலக்கிக்கொண்டே கேட்டார். "எங்களுக்கு எவ்வளவு செலவு?"

"ஒண்ணும் கிடையாது, மாமா."

"இருபத்தாறு வருஷமா நான் பல் டாக்டர் வாசலை மிதிக்கல. மிதிக்கக் கையில காசு எங்க இருந்துச்சு? எழுதிக்க."

மதியத்துக்குள் இருபத்துமூன்று பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். ஓர்வில் தன் பெயரைத் தானே எழுதி அடிக்கோடும் போட்டார்.

வெள்ளிக்கிழமை கடன் பத்திரத்தை ஒரு பக்கம் விடாமல் படித்தாள். யாரும் இதைப் படிப்பதில்லை என்றாள் ப்ரூவர் அம்மாள். முன்பு நானும் படிக்கவில்லை என்று சொல்லிவிட்டு லவோனா கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வண்டியில் டெல்பர்ட் காத்திருந்தான். சாவியைப் போட்டவன் திருகவில்லை.

"இன்னொரு பேரு சேத்துக்கோ. எம்பேரு."

"உனக்கென்ன?"

"பின்னாடி ரெண்டு பல்லு. நாலு வருஷமா வலி. கடன் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். முடிஞ்ச மாசமே நீ காலேஜ்னு ஆரம்பிச்சிட்ட."

ஊர் வாயெல்லாம் எட்டிப் பார்த்தவள் இந்த வாயைப் பார்க்கவில்லை. நாலு வருடமாக அவன் ஒரு பக்கமாகவே மென்றிருக்கிறான், எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவளுக்குத் தெரியவில்லை. கோபமாக வந்தது, யார் மேல் என்று புரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள்.

"வாயத் தொற, மடையா."